எழுத்தும் உருவமும்: போருக்குப் பிந்தைய சென்னை ஓவிய இயக்கம் பற்றி ஒரு திறனாய்வு

புதுக்கோட்டைக்கு வடமேற்கேயுள்ள சித்தன்னவாசல் குன்றின் குடைவரைக்கோயிலில், விதானத்தில் ஒரு தாமரைத் தடாகம் தீட்டப்பட்டுள்ளது. அதில் மீன்கள் துள்ளுகின்றன. யானையும் எருமையும் நீரில் இறங்கியுள்ளன. ஆடவர் சிலர் தாமரை கொய்து நிற்கின்றனர். தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சபையைச் சூழ்ந்த நீர்நிலையே இது என்றும், மலர் கொய்வோர் அவ்வுபதேசத்தைக் கேட்கத் தகுதி பெற்றோர் என்றும் சமண நூல்வழி ஆய்வாளர் விளக்குவர். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது.

இறையியல் மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் நான் அவர்களிடம் ஒன்றைக் கேட்பதுண்டு: இப்படத்தில் கோட்பாடு எங்கே, குளம் எங்கே? இரண்டையும் பிரித்துக் காட்ட எவராலும் இயல்வதில்லை. கோட்பாடு முழுவதும் சமணருடையது. குளமோ நம் வட்டாரத்தில் மழைக்குப்பின் நிறைந்து கிடக்கும் எந்தக் கண்மாயாகவும் இருக்கலாம். சமயம் தன் உண்மையை ஒரு மண்ணின் கண்களால் கண்டு, அம்மண்ணின் கையால் வரைந்திருக்கிறது. வட்டாரக் கலை என்னும் தொடருக்கு இதனினும் சிறந்த விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, இரண்டாம் உலகப்போரை ஒட்டித் தோன்றி வளர்ந்த சென்னை ஓவிய இயக்கத்தை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அது நம் மாநிலத்தில் நிகழ்ந்த பெரியதொரு கலை முயற்சி. கிறிஸ்துவின் உருவத்தையும் அது தன் பாடுபொருள்களுள் ஒன்றாக்கிக்கொண்டது. ஆயினும் தமிழ்த் திருச்சபை அதனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இது யார் குறை என்பதையும் நாம் ஆராய வேண்டியுள்ளது.

1. போரும் ஓவியரும்

சென்னைக் கலைப்பள்ளியை 1850-இல் தொடங்கியவர் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர். மரவேலை, உலோகவேலை, மட்பாண்டம் முதலிய கைத்தொழில்களைச் செம்மைப்படுத்துவதே அதன் தொடக்ககால நோக்கமாக இருந்தது. 1929-இல் அதன் முதல் இந்திய முதல்வராகப் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி, ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் அங்கு உயரிடம் தேடித் தந்தார். உருவங்களை உள்ளபடியே, தசையும் நரம்பும் தெரியப் படைக்கும் ஐரோப்பிய முறையில் அவர் வல்லவர்.

அவர் முதல்வராயிருந்த காலத்திலேயே போர் வந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியத் தாக்குதலுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் பெருந்தொகையாய் நகரைவிட்டு வெளியேறினர். 1943-இல் வங்காளப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைக் கொன்றது. அவ்வாண்டே கல்கத்தாவில் ஓவியர் குழு ஒன்று அமைந்தது. 1944-இல் கே. சி. எஸ். பணிக்கர் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1947-இல் பம்பாயிலும் அத்தகைய குழுவொன்று தோன்றியது. நான்காண்டுக்குள் மூன்று நகரங்களில் நிகழ்ந்த இவ்வெழுச்சியைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது.

அதுவரை நாகரிகத்தின் அளவுகோலாகத் தன்னை நிறுத்திக்கொண்டிருந்த ஐரோப்பா, தன் கையாலேயே தன்னை இடித்துக்கொண்டு கிடந்தது. அதனிடம் கற்ற மாணாக்கன், ஆசிரியரின் வீடு எரிவதைக் கண்டபின் தன் பாடத்தை மறுபடி எண்ணிப்பார்க்காமல் இருக்க முடியாது. விடுதலையும் நெருங்கிக்கொண்டிருந்தது. 'நான் யார், எம்மண்ணைச் சேர்ந்தவன், என் கோடு யாருடைய கோடு' என்ற வினா ஓவியன் முன் நின்றது. இதே வினா அக்காலத்தில் நம் திருச்சபையின் முன்னும் நின்றது. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை அவ்வினாவுக்கு ஆளுகையிலும் வழிபாட்டு முறையிலும் ஒரு விடை தேடியது. ஓவியர் தேடிய விடை வண்ணத்திலும் கோட்டிலும் அமைந்தது.

2. பணிக்கரின் பாதை

பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். ராய் சௌத்ரியின் மாணவர். 1957-இல் அவருக்குப்பின் அதே பள்ளியின் முதல்வரானவர். அவருடைய வளர்ச்சியில் இரண்டு கட்டங்கள் நம் கவனத்துக்குரியன.

முதலாவது 1951-இல் அவர் தீட்டிய ஓவியம். மலைப்பிரசங்கத்தில் சமாதானம் பண்ணுகிறவர்களைக் குறித்து ஆண்டவர் கூறிய வாக்கே அதன் தலைப்பு. உலகப்போர் முடிந்து ஆறாண்டு. பிரிவினைக் கலவரம் ஓய்ந்து நான்காண்டு. காந்தியடிகள் சுடப்பட்டு மூன்றாண்டு. அவ்வேளையில் கிறிஸ்தவரல்லாத ஓவியர் ஒருவர் தம் காலத்தின் புண்ணைத் தொட்டுப் பேச மலைப்பிரசங்கத்தை நாடினார். இது சாதாரணச் செய்தியன்று. நாம் மன்றாட்டிலும் அருளுரையிலும் பயன்படுத்தித் தேய்ந்துபோன ஒரு வாக்கை, வெளியிலிருந்து வந்தவர் புதிதாய்க் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கட்டம் 1963-இல் தொடங்கியது. 1954-இல் ஐரோப்பாவுக்குச் சென்று திரும்பிய பணிக்கரைத் தம் ஓவியம் மேனாட்டாரின் எதிரொலியாகிவிடுமோ என்னும் கவலை விடாது பின்தொடர்ந்தது. மாணவர் ஒருவரின் கணக்கு ஏட்டுப் பக்கத்தைக் கண்டு, எண்ணும் எழுத்தும் கட்டமும் கண்ணுக்கு ஓர் ஒழுங்கைத் தருவதை அவர் உணர்ந்தார். அதிலிருந்து பிறந்ததே 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசை. சாதகக் கட்டங்கள், மலையாள எழுத்தை ஒத்த வரிவடிவங்கள், சிறு உருவங்கள் ஆகியன அத்திரைகளை நிரப்பின. 1977-இல் மறையும் வரை அவர் இவ்வழியிலேயே சென்றார்.

இவ்வெழுத்துகளை வாசிக்க முடியாது. வாசிப்பதற்காக அவை எழுதப்படவும் இல்லை. ஏட்டுச்சுவடியைக் கையிலெடுக்கும் பாமரனுக்கு அதன் பொருள் விளங்காவிடினும் அதன் தோற்றம் ஒருவித மதிப்பச்சத்தை உண்டாக்குகிறதன்றோ? அந்த உணர்வையே பணிக்கர் திரையில் ஏற்றினார். ஐரோப்பியர் எவரும் இதனைத் தம்முடையது என்று உரிமை கொண்டாட இயலாது. அவ்வகையில் அவர் வென்றார் என்பதை மறுக்க இயலாது.

ஆனால் அவ்வெற்றிக்கு ஒரு விலை இருந்தது என்பது என் கருத்து. 1951-இன் ஓவியத்தில் மனித முகங்கள் இருந்தன, அவை ஒருவரையொருவர் நோக்கின, நம்மையும் நோக்கின. 1963-க்குப் பிந்தைய திரைகளில் முகம் சுருங்கிக் குறியாயிற்று. மண் கிடைத்தது, அயலான் மறைந்தான். வாசிக்க இயலாத எழுத்து அழகாயிருக்கலாம். ஆயினும் எழுத்தறிவு மறுக்கப்பட்டுத் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த ஒருவன் அத்திரைமுன் நின்றால் என்ன காண்பான்? தனக்கு எட்டாதிருந்த சுவடியை மறுபடியும் எட்டாததாகவே காண்பான்.

இதைச் சொல்லும் தகுதி நமக்கு எளிதில் கிடைத்துவிடாது. 1715-இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த மரபினர் நாம். எழுத்தை மக்கள் கைக்குக் கொண்டுவந்ததில் நமக்குப் பெருமையுண்டு. ஆயினும் நம் சபைகளில் பலருக்கு நம் வேதமொழியும் ஆராதனைமொழியும் ஏறத்தாழப் பணிக்கரின் வரிவடிவம் போலவே இருக்கின்றன. மதிப்பச்சத்தோடு கேட்கிறார்கள், பொருள் எட்டுவதில்லை.

3. கைத்தொழிலே காவல்

இயக்கத்தின் உயிர்நிலை பணிக்கரின் தூரிகையில் மட்டும் இல்லை. அக்காலச் சென்னையில் நவீன ஓவியத்தை விலைகொடுத்து வாங்குவோர் மிகச் சிலரே. படித்து வெளியேறிய ஓவியர் பிழைப்புக்காக வேறு வேலை தேடினர். ஆதிமூலம், ரெட்டெப்ப நாயுடு போன்றோர் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றினர். இந்நிலையில் பணிக்கரும் அவருடைய மாணவரும் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, மெழுகுபூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகள் முதலியவற்றைச் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். அரசின் மானியத்தையோ செல்வரின் கொடையையோ அடித்தளமாகக் கொள்ளாமல், தம் கையுழைப்பால் தம் கலையின் சுதந்திரத்தைக் காத்துக்கொண்டனர்.

பவுல் அப்போஸ்தலன் கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்ததைப் போதகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. சபைக்குப் பாரமாயிராதபடி உழைத்த அக்கை, அவருடைய பேச்சுக்கும் காவலாயிருந்தது. வாங்குபவனின் விருப்பத்துக்கு ஏற்ப வரைய வேண்டிய கட்டாயத்திலிருந்து பாத்திக் துணி ஓவியனை விடுவித்தது. அயல்நாட்டு உதவிப்பணத்தின் நிழலில் நெடுங்காலம் வாழ்ந்த நம் நிறுவனங்கள் இதனைக் கூர்ந்து நோக்குதல் நலம்.

கைத்தொழில் இவர்களுக்குப் பிழைப்பை மட்டும் தரவில்லை, கலைவடிவத்தையும் தந்தது. பி. வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து வளைத்து, கம்பியைப் பற்றவைத்து, முன்முகமாய் நிற்கும் உருவங்களைச் செய்தார். கோயில்களில் மூலவர்மேல் சாத்தும் கவசத்தை நினைவூட்டும் முறை அது. அம்முறையிலேயே அவர் கணபதியையும் செய்தார், கிறிஸ்துவையும் செய்தார். ராய் சௌத்ரியின் மாணவரான எஸ். தனபாலின் சிற்பங்களிலும் கிறிஸ்து இடம்பெற்றுள்ளார். நம் அண்டை மாவட்டமான திருச்சிராப்பள்ளியில், துறையூரை அடுத்த கீரம்பூரில் பிறந்த கே. எம். ஆதிமூலம் மைக்கோட்டையே தம் மொழியாக்கினார். 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த நூறு கோட்டோவியங்கள் புகழ்பெற்றவை. பின்னர் தமிழ்ச் சிற்றிதழ்களிலும் நூல்களிலும் அவருடைய கோடுகள் இடம்பெற்று, கண்காட்சிக்கூடத்தை ஒருநாளும் மிதித்தறியாத வாசகனையும் சென்றடைந்தன.

இங்குதான் சென்னை இயக்கம் சித்தன்னவாசலின் அளவுகோலுக்கு அருகில் வருகிறது. மரபின் சின்னங்களை எடுத்து ஒட்டிய இடத்தில் அது தளர்ந்தது. மரபின் கைத்திறனை, அதாவது தகடு அடிக்கும் கையையும் கோடு இழுக்கும் கையையும் கற்ற இடத்தில் அது உயிர்பெற்றது.

4. எவருடைய மரபு?

ஆயினும் ஒரு கடினமான வினா எஞ்சுகிறது. 'நம் மரபு' என்று ஓவியர் சொன்னபோது எவர் மரபைச் சொன்னார்? கோயிற்கவசமும் சாதகக் கட்டமும் ஏட்டுச்சுவடியும் ஊரில் எல்லோருக்கும் பொதுவாயிருந்தவை அல்ல. நம் சபையாரிற் பெரும்பகுதியினரின் பாட்டன்மார் கோயில் வீதியில் நடக்கவும் அனுமதி பெறாதவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் கோயிற்கவசம் அணிந்த கிறிஸ்துவைக் காட்டி, 'இதோ, உங்கள் மண்ணுக்குரிய ஆண்டவர்' என்றால், அவர்கள் சற்றே தயங்குவதில் வியப்பென்ன? அத்தயக்கம் கலையறிவின்மையால் வருவதன்று; நினைவால் வருவது. 1980-களில் அர்விந்த் நிர்மல் முதலியோர் தலித் இறையியலை முன்வைத்தபோது எழுப்பிய வினாவும் இதுவே: இந்திய மரபு என்று நீங்கள் வரிந்துகொள்வது எந்த இந்தியாவை?

இதற்கு மாறாக மெரினா கடற்கரையில் 1959-இல் நிறுவப்பட்ட ராய் சௌத்ரியின் 'உழைப்பாளர் சிலை'யை நோக்குக. பெரும்பாறை ஒன்றைப் பெயர்க்க முயலும் நால்வர். அவர்தம் முதுகும் தோளும் விம்மி நிற்கின்றன. முறை முழுவதும் ஐரோப்பியம். பணிக்கரின் தலைமுறை விட்டு விலக விரும்பியது இம்முறையையே. ஆயினும் வெயிலில் கல்லுடைத்துத் திரும்பும் ஒருவன் அச்சிலைமுன் நின்றால், தன்னை அங்கே கண்டுகொள்கிறான். அப்படியாயின், வட்டாரத்தன்மை நடையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. அயல்நாட்டு முறையில் அயலானைக் காட்டவும் இயலும். உள்ளூர் முறையில் அவனை மறைக்கவும் இயலும்.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் செல்லும் சாலையில் நமணசமுத்திரத்து ஐயனார் கோயிலருகே சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்பதை இவ்வட்டாரத்தார் அறிவர். மழையில் சிதைவன சிதைய, புதியன வந்து சேரும். அவற்றைச் செய்பவன் தன் பெயரைப் பொறிப்பதில்லை. சென்னை இயக்கத்தினர் கிராமக்கலையிலிருந்து எடுத்துக்கொண்டது மிகுதி. ஆனால் அக்கலையைச் செய்பவனைத் தம் கிராமத்துக்குள் ஓர் ஓவியனாக அழைத்துக்கொண்டார்களா என்று கேட்டால், விடை மகிழ்ச்சி தருவதாய் இல்லை. 2009-இல் சோழமண்டலத்தில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் இயக்கத்தின் சாதனையைச் சிறப்பாகக் காட்டுகிறது. அங்கும் வடிவம் வந்திருக்கிறது. வடிவம் தந்த கை வரவில்லை.

5. நம் ஆலயச் சுவர்

பிறரைக் குறைகூறியபின் நம் சுவரையும் நோக்குவோம். பணிக்கர் சங்கம் கண்டதற்கு நான்காண்டு முன்னர், 1940-இல், அமெரிக்காவின் சிகாகோ நகரில் வார்னர் சால்மன் என்பவர் இயேசுவின் தலையுருவம் ஒன்றைத் தீட்டினார். போர்க்காலத்தில் அது சிறு அட்டைகளாய் அச்சிடப்பட்டுப் படைவீரர் பைகளில் சென்றது; பின்னர் உலகெங்கும் கோடிக்கணக்கில் பரவியது. நம் வீடுகளிலும் ஆலயங்களிலும் தொங்கும் பொன்னிறக் கூந்தல் படங்கள் பல அதன் வழிவந்தவையே. ஆக, ஒரே போர் இரண்டு கொடைகளை நம் வாசலுக்குக் கொண்டுவந்தது. ஒன்று அச்சிட்ட அமெரிக்க முகம்; மற்றது தன் முகத்தைத் தேடிய சென்னை ஓவியரின் தூரிகை. நாம் முன்னதை எடுத்துக்கொண்டோம்.

'நாம் சீர்திருத்த மரபினர். நமக்குச் சொரூபம் ஆகாது' என்று சிலர் கூறுவர். அப்படியாயின் அந்த அச்சுப்படமும் ஆகாதே. சூரிக் நகரத்து ஆலயங்கள் 1524-இல் படங்களை அகற்றியது உண்மை. ஆனால் அதற்கு ஈராண்டு முன்னரே லூத்தர் விட்டன்பர்க்கில் படங்களை உடைப்போரைக் கண்டித்துப் பேசியதும் உண்மை. அந்நகரத்து ஆலயத்தில் 1547-இல் வைக்கப்பட்ட கிரானாக்கின் பீட ஓவியத்தில், ஆண்டவரின் பந்தியில் லூத்தரே ஒரு சீடராக அமர்ந்திருக்கிறார். திருமுழுக்குக் கொடுப்பவர் மெலாங்தன். சபையார் தாம் அன்றாடம் கண்ட மனிதரையே திருப்பந்தியில் கண்டனர். அது ஜெர்மானிய வட்டாரக் கலை. அம்மரபின் வாரிசுகள் என்னும் நாம் அதன் படத்தைக் கடன் வாங்கினோமே தவிர, அதன் துணிவைக் கடன் வாங்கவில்லை.

இப்பொருளை இறையியலாளர் அறவே மறந்தனர் என்று சொல்வதற்கில்லை. இந்திய ஓவியங்களில் இயேசு என்னும் பொருள்பற்றி ரிச்சர்ட் டெய்லர் எழுதிய நூல் 1975-இல் சென்னையில் வெளிவந்தது. பெங்களூரை அடுத்த சில்வேபுராவில் ஜோதி சாஹி பல்லாண்டுகளாக இறையியலையும் ஓவியத்தையும் இணைத்து உழைத்துவந்துள்ளார். நூலகம் வரை வந்த இவ்வெண்ணம் கிராம ஆலயம் வரை வரவில்லை என்பதே நம் குறை.

சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் ஆலயத்தைப் புதுப்பித்தனர். பீடத்தின் பின்சுவருக்கு என்ன படம் என்ற பேச்சு எழுந்தது. நகரத்தில் அச்சிட்ட பெரிய ஓடுகளில் பொன்னிறக் கூந்தல் படத்தையே பதிப்பதென முடிவாயிற்று. அச்சபையில் சுதைவேலை அறிந்த கொத்தனார் ஒருவர் உண்டு. சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ குதிரைகளைச் செய்தவர். கூட்டம் முடிந்தபின் அவர் என்னிடம் தனியே வந்து, 'ஐயா, குதிரை செஞ்ச கை சுவாமியைச் செய்யக்கூடாதுங்களா?' என்று கேட்டார். நான் அன்று அவருக்குத் தெளிவான விடை கூறவில்லை. 'கமிட்டி முடிவுபண்ணிவிட்டதே' என்றேன். படித்த படிப்பெல்லாம் அவ்வேளையில் எனக்குக் கைகொடுக்கவில்லை. கைகொடுக்க நான் அதனை அழைக்கவும் இல்லை.

அவர் கேட்டது கலைபற்றிய வினா மட்டுமன்று. வார்த்தை மனிதனாயிற்று என்று நாம் அறிக்கையிடுகிறோம். நாசரேத்தூர்த் தச்சன் பட்டறையில் வளர்ந்தார் என்று சிறுவர்க்குக் கற்பிக்கிறோம். ஆனால் அவ்வார்த்தை நம்மூர்க் கொத்தனாரின் கைக்குள் வர நாம் இடங்கொடுப்பதில்லை. பணிக்கரின் இயக்கம் மண்ணைத் தேடிச் சென்று, வழியில் மனிதனை ஓரளவு தவறவிட்டது. நாமோ மனிதனை நாள்தோறும் பந்திக்கு அழைத்தும், அவன் மண்ணையும் கையையும் வாசலிலேயே விட்டுவரச் சொல்கிறோம்.

ஆகவே இளம் அருட்பணியாளர்க்கு நான் கூறுவது இதுவே. சென்னை இயக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். அதன் தேடலைப் பின்பற்றுங்கள். அது நின்றுவிட்ட இடத்தில் நின்றுவிடாதீர்கள். தாமரையையும் குத்துவிளக்கையும் பீடத்தில் வரைந்துவிட்டால் வட்டாரக் கலை ஆகிவிடாது. சபையில் தகடு அடிப்பவர் யார், பாய் முடைபவர் யார், சுதை பிடிப்பவர் யார் என்று முதலில் விசாரியுங்கள். அவர் கைகளுக்கு வேலை கொடுத்து, அவர் கேட்கும் வேதவாக்கைப் பொறுமையாய் விளக்கி, அவர் என்ன காண்கிறார் என்று காத்திருங்கள். வருவது அழகாயிராமலும் போகலாம். நம்முடையதாயிருக்கும்.

அச்சிற்றூர்க் கொத்தனார் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார். ஆலயத்தின் முகப்பு வளைவு இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அவருடைய வினாவை நானே எழுப்புவதாயிருக்கிறேன்.